ஊன்றுகோல் தந்த பயணம்

கோயில் மண்டபத்தில் அமர்ந்து பேசும் மூத்தோரிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பிள்ளைகள் அயல்நாட்டில் வாழ்கிறார்கள். பேரன் பேத்தி பிறக்கும் வேளையில் நம்மை அழைக்கிறார்கள். போய்வர மனம் துடிக்கிறது. ஆனால் நம்மில் பலருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம். சிலருக்கோ இவற்றுக்கும் மேலாகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. "இந்த உடம்பை வைத்துக்கொண்டு கடல் கடந்து போகலாமா? போன இடத்தில் ஏதாவது நேர்ந்தால்?" என்ற அச்சம் காலைக் கட்டிப்போடுகிறது. இறைவன்பால் நம்பிக்கை உடையவர்களுக்கும் இந்த அச்சம் இயல்பானதே. இப்படிக் கலங்கி நிற்கும் அன்பர் ஒருவருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

தருமபுரி மாவட்டம் கடத்தூர் என் ஊர். தேசிய வங்கி ஒன்றில் 36 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்கு ஓராண்டு இருக்கையில், 2017-இல், வழக்கமான இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருப்பதாகத் தெரிந்தது. மேற்கொண்டு நடந்த சோதனைகள் அதை இரத்தப் புற்றுநோய் என்று உறுதிசெய்தன. மருத்துவர்கள் 'க்ரானிக் மைலாய்ட் லுக்கீமியா' என்றும், சுருக்கமாகச் 'சி.எம்.எல்.' என்றும் அழைக்கும் வகை அது.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் 'புற்று' என்ற சொல்லையே உரக்கச் சொல்லமாட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தனர். ஆனாலும், "அடையாற்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்றாலே, போனவர் திரும்பமாட்டார் என்று பொருள் கொண்ட தலைமுறையில் வளர்ந்தவன் நான். அறிக்கையைக் கையில் வாங்கிய நாளில் எனக்குள்ளும் அந்தப் பொருள்தான் ஒலித்தது.

மருத்துவர் அமைதியாக விளக்கினார். நம் உயிரணுவில் உள்ள 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் பிழையான ஒரு புரதம் உண்டாகிறது. அது வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. இந்தப் பிழையின் அடையாளத்தை 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டறிந்தார்கள். அந்தப் புரதத்தின் வேலையை மட்டும் தடுக்கும் 'இமாட்டினிப்' என்ற மாத்திரை 2001-இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் சில ஆண்டுகளில் உயிரைக் குடித்த நோய், பெரும்பாலோருக்கு நாள்தோறும் மாத்திரை உண்டு வாழக்கூடிய நோயாக மாறிவிட்டது. "சர்க்கரை நோய்க்காரர் மாத்திரை சாப்பிடுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது" என்றார்.

இந்த மாத்திரை என் போன்ற ஓய்வூதியக்காரனின் கைக்கு எட்டியதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு உண்டு. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. 'க்ளீவெக்' என்ற பெயரில் இதை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கோரியது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. சட்டப் பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்நாளில் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் ரூ.1,20,000 ஆயிற்று, நம் நாட்டு நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவே. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். அயல்நாட்டில் மாத்திரை தொலைந்துபோனால் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்ற துணிவு நமக்கு ஏன் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

அழைப்பும் தயக்கமும்

என் மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பணிபுரிகிறான். 2023 தொடக்கத்தில், மருமகளுக்கு ஏப்ரல் இறுதியில் பிரசவம் என்று செய்தி வந்தது. மருமகளின் தாயார் காலமாகிவிட்டார். ஆகவே என் இல்லாள் போயே தீர வேண்டிய நிலை. அவளோ, "நீங்க வரலைன்னா நானும் போகலைங்க. உங்களை இங்க தனியா மாத்திரை டப்பாவோட விட்டுட்டு, அங்க போய் எனக்குக் குழந்தையைக் குளிப்பாட்டக் கை வராது" என்றாள்.

என் அண்ணனோ எதிர்ப்பக்கம் நின்றார். "தம்பி, ஆறு வருசமா சாமி புண்ணியத்துல நல்லா இருக்க. எதுக்கு வம்பை விலைக்கு வாங்கற? அந்த ஊர்ல படுத்தா ஆஸ்பத்திரிக்காரன் வீட்டையே எழுதி வாங்கிருவான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, உன்னை இந்த மண்ணுக்குக் கொண்டாறதே பெரும்பாடு" என்றார். எழுபத்து நான்கு வயதுக்காரர்; அன்பினால் சொன்னார். அவர் சொன்னவற்றில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

அந்நாட்களில் பிரதோஷத்தன்று தீர்த்தமலைக்குப் போயிருந்தேன். அரூரை அடுத்த அம்மலையில், பாறையிலிருந்து விழும் இராம தீர்த்தத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டு தீர்த்தகிரீசுவரர் சந்நிதியில் அமர்ந்திருந்தபோது, சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு நினைவுக்கு வந்தது.

திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி எல்லையைத் தாண்டிய நம்பியாரூரர் இரு கண் பார்வையும் இழந்தார். அந்நிலையிலேயே நடந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்குக் கண்ணைக் கொடுக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்தான். காஞ்சியில் ஏகம்பன் ஒரு கண்ணைக் கொடுத்தான். திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கியது. திருவாரூரில்தான் மற்றொரு கண் கிடைத்தது. ஊன்றுகோல் தந்த இறைவன் ஊன்றீசுவரர் என்ற பெயருடன் இன்றும் அருள்புரிகிறார். பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய கோயில் நீருக்குள் போக, வேறிடத்தில் கோயில் எழுப்பப்பட்டது.

சுந்தரருக்கு நேர்ந்ததன் காரணம் வேறு. "முன் செய்த பாவம்" என்று நோயாளிகளை நோகடிப்போர் இன்றும் உளர். அவர்களுக்குத் துணைபோக இக்கதையை நான் சொல்லவில்லை. பகவான் ரமண மகரிஷிக்கு இடக்கையில் புற்றுக்கட்டி வந்தது. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் வந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நான் கருதுவது சுந்தரர் நடந்த விதத்தை. கண் முழுதும் திரும்பட்டும், பிறகு புறப்படலாம் என்று அவர் வெண்பாக்கத்தில் அமர்ந்துவிடவில்லை. கிடைத்த கோலை ஊன்றிக்கொண்டு அடுத்த தலத்துக்கு வழி கேட்டு நடந்தார். முழு நலம் கிடைக்கும்வரை காத்திருப்பதென்றால், நாள்பட்ட நோயுடையோர் எந்நாளும் வாசற்படி தாண்ட இயலாது. எனக்கு ஊன்றுகோல் இருக்கிறது. அது நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. அதைக் கைவிடாமல் நடக்க முடியுமா என்பது மட்டுமே கேள்வி. அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மருத்துவர் சொன்னவை

சென்னையில் என்னைக் கவனிக்கும் மருத்துவர் முதலில் இரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் 'பி.சி.ஆர்.' சோதனையை எடுத்தார். அளவு 0.1 விழுக்காட்டுக்கும் கீழே, பல காலமாக நிலையாக இருந்தது. "போய் வாருங்கள். அடுத்த சோதனைக்குள் திரும்பிவிட்டால் போதும்" என்றார். அப்படியே ஏப்ரல் இரண்டாம் வாரம் புறப்பட்டு ஜூன் இறுதியில் திரும்புவதாக, 78 நாட்களுக்குப் பயணத்தைத் திட்டமிட்டோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். என் நோய்க்கு மாத்திரை. வேறு சிலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். அவ்வாறு ஏற்றியபின் சுமார் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்து, சிறு தொற்றும் பெரிதாகக்கூடும். அறுவை முடிந்தவர்களுக்கும், கதிர்வீச்சு நடப்பவர்களுக்கும் கணக்கு வேறு. இரத்தச் சோகை உள்ளவர்கள் கயிலாய மானசரோவர் போன்ற உயர்ந்த இடங்களுக்குப் போவது ஆபத்து. பரிக்கிரமப் பாதை 5,600 மீட்டர் உயரம்வரை ஏறுகிறது. சிகிச்சை நடக்கும்போது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் பலருக்கு ஆகா. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்குத் தேவைப்படும் மஞ்சள் காய்ச்சல் ஊசி அத்தகையது. ஆதலால் பயணச் சீட்டு வாங்குமுன் தம் மருத்துவரின் ஒப்புதலை வாங்குவதே முறை. பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்தார் என்பது நமக்குச் சான்றாகாது.

என் மருத்துவர் இரண்டு தாள்கள் தந்தார். ஒன்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதம்: நோயின் பெயர், தொடங்கிய ஆண்டு, மருந்தின் அளவு, கடைசிச் சோதனையின் முடிவு. மருந்தை நம் நாட்டு விற்பனைப் பெயரால் மட்டும் எழுதாமல், உலகெங்கும் அறிந்த மூலப்பெயரால் எழுதச் சொன்னேன். நம்மூர் விற்பனைப் பெயர் அங்குள்ள மருத்துவருக்குத் தெரியாது. மற்றொரு தாளில், எந்த அறிகுறி கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், இரத்தக் கசிவு இருந்தால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால். இத்தாளின் அருமை பின்னர் விளங்கியது.

இருப்புப் பதிவேடு

வங்கியில் மாலைதோறும் பெட்டகத்தை மூடுமுன், கணக்கேட்டில் உள்ள தொகையும் கையில் உள்ள பணமும் ஒத்துப்போக வேண்டும். அதே வழக்கத்தை மாத்திரைக்கும் வைத்தேன். ஒரு சிறு நோட்டு: தேதி, உண்ட நேரம், மீதி இருப்பு. 78 நாட்களுக்கு 90 மாத்திரைகள். 12 காப்பு இருப்பு. விமானம் ரத்தானாலும், திரும்பும் நாள் தள்ளிப்போனாலும் தாங்கும். அமெரிக்காவுக்குச் சொந்த உபயோகத்துக்காக 90 நாள் மருந்துக்கு மிகாமல் எடுத்துச் செல்வதே பொதுவான வரையறை. எனவே அதற்கு மேலும் வைக்கவில்லை. மருந்துகள் கடையில் வாங்கிய உறையிலேயே, சீட்டோடு இருக்க வேண்டும். பல மருந்துகளை ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போவது சந்தேகத்துக்கு இடம் தரும்.

வலிக்காக மார்ஃபின் போன்ற மருந்து உண்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவை போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை. சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அவற்றைக் கொண்டு இறங்குமுன்பே அந்நாட்டு அரசின் அனுமதியை எழுதிப் பெறுதல் வேண்டும். இறங்கியபின் விளக்கிக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

மாத்திரைகளில் ஒன்றைக்கூட விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவில்லை. இரண்டு பங்கு என் கைப்பையில். ஒரு பங்கு இல்லாளின் கைப்பையில். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி இருவரிடம் இருப்பதுபோல. அது நல்லதாயிற்று. நியூயார்க்கில் இறங்கியபோது எங்கள் பெட்டிகள் இரண்டில் ஒன்று வரவில்லை; மூன்றாம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தது. அதற்குள் இருந்தவை பருப்புப் பொடியும் வேட்டிகளும்தாம். பருப்புப் பொடி காத்திருக்கும், மாத்திரை காத்திராது.

பக்தர்களுக்குரிய சிறு குறிப்பு ஒன்று. தீர்த்தமலைத் தீர்த்தத்தைச் செம்புக் குப்பியில் கைப்பையில் கொண்டுபோக நினைத்தேன். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பொருளைக் கைப்பையில் விடமாட்டார்கள். திரவ மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அதையும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் பொடிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 350 மில்லிலிட்டர் அளவுக்கு மேற்பட்டால் தனியே சோதிப்பார்கள். ஆகவே தீர்த்தக் குப்பியைப் பெரிய பெட்டியில் வைத்துக்கொண்டு, விபூதி ஒரு சிமிழ் அளவு மட்டும் கையில் வைத்தேன். இறைவனின் அருள் சிமிழ் அளவிலும் குறையாது.

இரண்டு கடிகாரம்

இமாட்டினிப் வெறும் வயிற்றில் உண்ணத்தக்கதன்று. உணவோடு, ஒரு பெரிய தம்ளர் நீரோடு உண்ண வேண்டும், இல்லையேல் குமட்டும். கடத்தூரில் இரவு 8 மணிக்கு உணவோடு உண்பது என் வழக்கம். கோடைக் காலத்தில் நியூயார்க் நேரம் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்தங்கியது. நம்மூர் இரவு 8 மணி அங்கே காலை 10.30. ஆகவே மருத்துவரைக் கேட்டு, நேரத்தை மாற்றாமல் அதே கணக்கில் தொடர்ந்தேன். என் பழைய கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவைத்தேன். விமானத்தில் அது 8 மணி காட்டியபோது, பணிப்பெண்ணிடம் உணவும் இரண்டு குவளை நீரும் கேட்டு வாங்கி உண்டேன். மகன் வீட்டில் காலை 10.30-க்கு இட்லியும் மாத்திரையும். அந்த வேளையில் நம் வீட்டுப் பூசையறையில் அண்ணன் விளக்கேற்றி முடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வேளை தவறிப்போனால் மறுநாள் இரண்டாக உண்ணக்கூடாது என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார்.

நீண்ட நேரம் அசையாது அமர்ந்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்புண்டு. புற்றுநோய் உள்ளவர்களுக்கு அது அதிகம். ஆகவே நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கி, மணிக்கொருமுறை எழுந்து நடந்தேன். நூற்றெட்டு முறை நாமம் சொல்லி நடந்தால் கணக்கும் ஆகும், காலுக்கும் நல்லது.

விரதம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஏகாதசியில் ஒன்றும் உண்ணாமல் இருந்து பழகியவர்கள், மாத்திரைக்காக உண்ண நேர்வதை எண்ணிக் குற்றவுணர்வு கொள்கிறார்கள். நோயாளிக்கும் முதியோருக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்று நம் பெரியோர் வகுத்தே வைத்திருக்கிறார்கள். நான் சஷ்டியில் ஒருவேளை உணவு கொள்பவன். அந்த ஒருவேளையை மாத்திரை வேளையாக வைத்துக்கொண்டேன். ரமண மகரிஷி தம் உடலைப் பொருட்படுத்தாதவர். ஆயினும் 1949-இல் மருத்துவர்கள் செய்த அறுவைகளை மறுக்கவில்லை. தம் கடமையைச் செய்யும் மருத்துவரைத் தடுப்பது பக்தியாகாது என்பதை இதிலிருந்து நான் உணர்கிறேன்.

உணவில் வேறொரு எச்சரிக்கையும் உண்டு. அங்கே காலை உணவில் 'கிரேப்ஃப்ரூட்' என்ற, நம் பம்பளிமாசுக்கு உறவான பழத்தின் சாறு வைப்பார்கள். அது இம்மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும், தொடலாகாது. மருத்துவருக்குச் சொல்லாமல் நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதையும் சேர்க்கலாகாது.

அந்த இரவு

ஏப்ரல் இறுதியில் இறையருளால் பேரன் பிறந்தான். பிறந்த ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. மாலையில் 99, இரவு பத்து மணிக்கு 101. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காலையில் பார்க்கலாம் என்றேன். காரணம் நோயன்று, பணம். பயணக் காப்பீடு எடுத்திருந்தேன். ஆனால் முன்பே உள்ள நோய்க்கு அதில் இடமில்லை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அங்கே மருத்துவமனைக்குள் கால் வைத்தாலே ஆயிரக்கணக்கில் டாலர். பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில், மகன் தலையில் இதையும் ஏற்றுவதா?

இல்லாள் ஒன்றும் வாதாடவில்லை. மருத்துவர் தந்த தாளை எடுத்து வந்து, 100.4 என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினாள். "இதைப் படிச்சுச் சொல்லுங்க. இது யாருக்கு எழுதினது?" என்றாள்.

எழுந்தோம். மகன் காரில் அழைத்துப் போனான். வழியில் அவன் குரல் உடைந்தது. "அப்பா, நான் கூப்பிட்டதாலதான் உங்களுக்கு இப்படி. ஊர்லயே இருந்திருந்தா…" என்றான். முப்பத்து நான்கு வயது ஆண் பிள்ளை சிறுவனைப்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஓட்டினான்.

நான் சொன்னேன்: "காய்ச்சல் கடத்தூர்லயும் வரும்பா. அங்க வந்திருந்தா, ராத்திரி நேரத்துல என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உன்னை எங்கே தேடுவேன்? ஒண்ணு கேட்டுக்கோ. எனக்கு இங்கே ஏதாவது ஆனா, அது உன் குற்றம் இல்லை. நானே யோசிச்சு, டாக்டரைக் கேட்டு, சாமிகிட்ட சொல்லிட்டு வந்தவன். உன் அம்மாவுக்கும் தெரியும். வீட்டுல என் நோட்டுக் கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். உடம்பை ஊருக்குக் கொண்டு போகணும்னு கடன் வாங்காதே. இங்கேயே செய்யவேண்டியதைச் செஞ்சுட்டு, அஸ்தியைத் தென்பெண்ணையில விட்டாப் போதும்."

அவன் பதில் சொல்லவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினான். சற்று நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஓட்டினான். எங்களுக்குள் பல ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த ஒரு பேச்சு அது. அதைப் பேசியபின் இருவருக்கும் நெஞ்சு இலேசானது உண்மை. வயதான பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் பயணத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. அமங்கலம் என்று ஒதுக்கினால், அந்தச் சுமை முழுவதும் பிள்ளையின் தலையில் இறங்கும்.

மருத்துவமனையில் கடிதத்தைப் படித்த இளம் மருத்துவர், கேள்வி அதிகம் கேட்கவில்லை. வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தன. சாதாரண நச்சுயிரிக் காய்ச்சல்தான். விடியற்காலையில் வீடு திரும்பினோம். ஆறு நாட்கள் தனியறையில் இருந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே இல்லாள் பேரனைத் தூக்கிக் காட்டப் பார்த்தேன். கர்ப்பக்கிருகத்துக்குள் நமக்கு அனுமதி இல்லை. வெளியே நின்றே தரிசிக்கிறோம். அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. ஏழாம் நாள் கையில் வாங்கினேன்.

செலவு மகனின் ஒரு மாத வீட்டு வாடகைக்கு நிகராக வந்தது. காப்பீட்டு நிறுவனம், காய்ச்சல் என் பழைய நோயின் தொடர்ச்சி என்று கூறிப் பணம் தர மறுத்தது. மருத்துவ அறிக்கையை இணைத்து, தொடர்பில்லாத தொற்று என்று ஐந்து மாதம் கடிதம் எழுதியபின் பாதி வந்தது. பத்திரத்தின் சிறிய எழுத்துகளை வாங்குமுன் வரிவரியாகப் படியுங்கள். பழைய நோயை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் அந்தப் பாதியும் வராது. கூடுதல் கட்டணத்தில் பழைய நோய்க்கும் ஓரளவு இடம் தரும் திட்டங்களும் உள்ளன, விசாரிப்பது நலம்.

பிள்ளையார் சந்நிதியில்

புறப்படுமுன் நியூயார்க் ஃபிளஷிங் பகுதியில் உள்ள மகாவல்லப கணபதி ஆலயத்துக்குப் பேரனோடு சென்றோம். கானாடுகாத்தானில் பிறந்து ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலிய அன்பர்களின் முயற்சியால் எழுந்த கோயில்; 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்குக் கண்டது. கடல் கடந்து போனவர்கள் தெய்வத்தையும் உடன் அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே பிராகாரத்தில் தலையில் துணி கட்டிய ஓர் அம்மையார் சுற்றிக்கொண்டிருந்தார். சிகிச்சையில் முடி உதிர்ந்திருந்தது தெரிந்தது. சுற்றுக்கு ஒருமுறை நாற்காலியில் அமர்ந்து இளைப்பாறினார், மறுபடி எழுந்தார். ஒன்பது சுற்றும் முடித்தார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பார்த்துக் கைகூப்பினோம்.

ஜூன் இறுதியில் கடத்தூர் திரும்பினேன். நோட்டில் மீதி 12. கையில் மீதி 12. மறுவாரம் சென்னையில் எடுத்த சோதனையில் நோயின் அளவு முன்போலவே இருந்தது. அண்ணன் நோட்டை வாங்கி ஒரு பக்கம் விடாமல் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அடுத்த தடவை போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

நம் தகடூரை ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பது நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வரும் செய்தி. ஆயுள் என்பது பதுக்கி வைக்கும் பொருளன்று; யாருக்கேனும் பயன்படும்போதே அதற்கு மதிப்பு என்று அம்மன்னன் கருதியிருப்பான் போலும். நமக்கு அளந்து தந்த நாட்களில் ஒரு பகுதி பேரனின் தொட்டிலருகே செலவாவது வீணாகாது.

ஆகவே அன்பர்களே, அச்சத்தால் மட்டும் பயணத்தைக் கைவிடாதீர்கள். ஆசையால் மட்டும் புறப்படவும் வேண்டா. மருத்துவர் வேண்டாம் என்றால், அதையும் ஆண்டவன் வாக்காகக் கொண்டு வீட்டிலிருந்தே வாழ்த்துங்கள். போகலாம் என்றால், ஊன்றுகோலை இறுகப் பற்றிக்கொண்டு நடங்கள். கோலை ஊன்றுவது நம் கை. வழிநடத்துவது அவன் அருள். தீர்த்தகிரீசுவரர் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.